மலைக்கு எப்போ வசந்தம்?

பிப்ரவரி கடைசி ஆகிவிட்டால் போதும், மொபைலைத் திறந்தாலே பூவாகக் கொட்டுகிறது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு நிறப் பாப்பிப் பூக்கள், நேபாள மலைகளில் சிவந்து கிடக்கும் லாலிகுராஸ், நடுவில் ஒற்றையடிப் பாதை, அதில் முதுகுப்பை மாட்டிய இரண்டு பேர். அடுத்த அரை மணி நேரத்தில் ஏதோ ஒரு ஹாஸ்டல் ரூமில் யாரோ ஒருவர் ஆரம்பிப்பார். "மச்சி, செமஸ்டருக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குடா. கொடைக்கானல் பக்கம், தேனி பக்கம் எங்கயாவது ட்ரெக்கிங் போலாமா? ஸ்பிரிங் வேற!"

ஆசை நல்ல ஆசைதான். மாதம்தான் தப்பு.

பூ பார்க்க மலையேறுவது நல்ல விஷயம். இருபது வயதில் அதைச் செய்யாமல் அறுபது வயதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு செய்யப்போகிறோமா என்ன? ஆனால் மார்ச்சில் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் 'பூ பார்க்க' போவது, வேறு ஊர் காலண்டரை வைத்துக்கொண்டு நம்மூர் கோயில் திருவிழாவுக்குக் கிளம்புவது மாதிரி. போய்ச் சேரும்போது தேரும் இருக்காது, கூட்டமும் இருக்காது. திருவிழா என்றால் ஏமாற்றத்தோடு திரும்பிவிடலாம். மலையில் அது ஏமாற்றத்தோடு நிற்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. காட்டுப்பூ எதைப் பார்த்துப் பூக்கிறது?

குளிர்நாடுகளில் குளிர்காலம் முழுக்கத் தரை உறைந்து கிடக்கும். மார்ச், ஏப்ரலில் பனி உருகும். மண்ணில் ஈரம் நிறைய, பகல் நீளமாகிக்கொண்டே போகும், வெயில் இதமாக இருக்கும். செடிக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அதனால் அங்கே வசந்தம் என்றால் பூ. கலிஃபோர்னியாவின் வறண்ட குன்றுகளில் கதை கொஞ்சம் வேறு. குளிர்காலத்தில்தான் அங்கே மழை. அந்த மழை நன்றாகப் பெய்த வருடங்களில், மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த விதைகள் மொத்தமாக முளைத்து மார்ச்சில் மலையையே ஆரஞ்சு ஆக்கிவிடுகின்றன. இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றுதான். தண்ணீர்.

நம் மலைகளில் தண்ணீர் எப்போது வருகிறது? ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. டிசம்பரோடு கணக்கு முடிந்தது. மார்ச் வரும்போது பெரும்பாலான சரிவுகள் இரண்டு, மூன்று மாதமாக நல்ல மழையைப் பார்த்திருக்காது. உயரமான இடங்களில் டிசம்பர், ஜனவரியின் உறைபனி புல்லைக் கருக்கி வைத்திருக்கும். கீழே இலையுதிர் காடுகளில் தேக்கு இலையெல்லாம் உதிர்ந்து, கால் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். வணிகவியல் பாஷையில் சொன்னால் மலையின் கையிருப்பு பூஜ்யத்தை நெருங்கும் மாதம் அது. அந்த நேரத்தில் போய்ப் பூ கேட்டால் மலை எங்கிருந்து கொடுக்கும்?

"சும்மா சொல்லாதீங்க, மார்ச்சில் பூவே இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. இலவ மரம் இலையை உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும். பலாச மரம் தீப்பிடித்த மாதிரி பூக்கும். சித்திரையை ஒட்டிக் கொன்றை மஞ்சளாகத் தொங்கும். ஊட்டி, கொடைக்கானல் சாலைகளில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஜகரண்டா ஊதாவாக நிற்கும். கவனித்துப் பாருங்கள், இவை எல்லாமே மரங்கள். ஆழமாக வேர் விட்டு, அடியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிப் பூப்பவை. இவற்றைப் பார்க்கப் பத்து கிலோமீட்டர் சரிவில் ஏற வேண்டியதில்லை. பஸ் ஜன்னலே போதும்!

பாதையோரம் தரையை ஒட்டிப் பூக்கும் காட்டுப்பூக்கள் வேறு ரகம். மலைச் சோலைகளின் ஓரத்திலும் புல்வெளியிலும் காசித்தும்பை இனத்துக் காட்டுச் செடிகள், தரையில் வளரும் ஆர்க்கிட்கள் எல்லாம் பெரும்பாலும் பருவமழையை நம்பிப் பூப்பவை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் மழைக்காலத்துப் பூதான். ஈழத்தில் அதன் பெயரே கார்த்திகைப் பூ. பெயரிலேயே மாதம் இருக்கிறது, வேறு சாட்சி வேண்டுமா? குறிஞ்சியும் அப்படித்தான். 2018-ல் மூணாறு பக்கம் நீலக்குறிஞ்சி பூத்தது ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை.

அப்படியானால் மார்ச்சில் பாதையோரம் எடுத்த போட்டோக்களில் மஞ்சளும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாகத் தெரிகிறதே, அது என்ன? பெரும்பாலும் உண்ணிப்பூ. அழகுக்காக வெள்ளைக்காரர்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்து, பிறகு காட்டையே பிடித்துக்கொண்ட களைச்செடி. யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல்லை வளரவிடாமல் செய்வது. காய்ந்தால் தீக்கு நல்ல விறகு. அதன் பக்கத்தில் நின்றுதான் பலர் 'காட்டுப்பூக்களின் நடுவே' என்று எழுதுகிறார்கள் :-)

இதுவரை ஏமாற்றத்தின் கதை. இனி ஆபத்தின் கதை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகே குரங்கணி. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. கொழுக்குமலைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 23 பேர். சிலர் அங்கேயே, மற்றவர்கள் அடுத்தடுத்த நாட்களில் ஆஸ்பத்திரிகளில். பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் மலை பார்க்கக் கிளம்பிய சாதாரண ஆட்கள்.

அன்றைக்கு யார் மேல் தப்பு, யார் அனுமதி கொடுத்தார்கள் என்ற விவாதம் அப்போதே நிறைய நடந்தது. விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது தேதியை மட்டும். மார்ச் 11. அதே சரிவில் அதே குழுக்கள் செப்டம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ நடந்திருந்தால் அட்டைக்கடியும் சளியும் வந்திருக்கும். அந்த மாதிரி ஒரு தீ மூண்டிருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

காட்டுத்தீ பற்றித் தெரியாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தீ சமதரையைவிட மேட்டில் வேகமாக ஏறும். கீழே எரியும் தீ மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காய வைத்துவிடுகிறது. மனிதன் நேர் எதிர், மேட்டில் மெதுவாகத்தான் ஏறுவான். ஆளுயரக் காய்ந்த புல், சாயங்காலக் காற்று, செங்குத்துச் சரிவு மூன்றும் சேர்ந்தால் ஓடி ஜெயிக்க முடியாது. எவ்வளவு உடற்பயிற்சி செய்தவராக இருந்தாலும் சரி. 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு நாள்கணக்கில் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து ஊற்ற வேண்டியிருந்தது. வனத்துறை, தீயணைப்புத்துறை, கிராமத்து ஆட்கள் எல்லாரும் இருந்தும் அந்த நிலைமை. நான்கு பாட்டில் தண்ணீரோடு போகும் எட்டு மாணவர்கள் என்ன செய்ய முடியும்?

இனிதான் சுவாரசியமான விஷயம். தமிழ்நாடு அரசு 2018-க்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது. 2025-ல் அந்தப் பாதைகள் தீக்காலத்துக்காக மூடப்பட்டன. எந்தத் தேதியில் தெரியுமா? பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை.

இப்போது தமிழ் மாதக் கணக்கைப் பாருங்கள். மாசி, பங்குனி இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய பிப்ரவரி 13 முதல் ஏப்ரல் 13 வரை. பழைய பருவக் கணக்கில் இதற்குப் பின்பனி என்று பெயர்.

பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஐந்திணை அட்டவணை ஞாபகம் இருக்கிறதா? குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அதாவது ஐப்பசி முதல் தை வரை. முல்லைக்குக் கார். பாலைக்கு? இளவேனில், முதுவேனில், கூடவே பின்பனி! தொல்காப்பியம் மலைக்குக் கொடுத்தது குளிர்காலத்தை. மாசி, பங்குனியைப் பாலையின் கணக்கில் எழுதிவிட்டது. அதோடு பாலை என்பது தனி நிலம் இல்லை, குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு கெட்டு அடையும் நிலைதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அதே மலைதான், அதே காடுதான். மாதம் மாறினால் திணை மாறிவிடுகிறது.

இரண்டு மார்க் கேள்விக்காகப் படித்து மறந்துபோன விஷயம். வனத்துறையின் தேதியோடு இரண்டு நாள் வித்தியாசத்தில் பொருந்துகிறது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் இந்த மண்ணின் காலத்தைக் கவனித்து எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். அதை மறந்துவிட்டு 'ஸ்பிரிங்' என்று நாம் வேறு யாருடைய காலத்தையோ கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கடன் இன்றைக்கு நேற்று வாங்கியதும் இல்லை. "இப்போ ஊட்டில சீசனா?" என்று கேட்கிறோமே, அந்த 'சீசன்' எங்கிருந்து வந்தது? சென்னை மாகாணத்தை ஆண்ட வெள்ளைக்காரர்கள் வெயில் தாங்காமல் கோடையில் அரசாங்கத்தையே தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் போனார்கள். ஏப்ரலும் மேயும் சீசன் ஆனது அப்படித்தான். அது சமவெளியின் வெயிலுக்குப் பயந்த காலண்டர். மலைக்கு எது நல்ல நேரம் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள், சீசன் போகவில்லை. மே மாதத்து மலர்க் கண்காட்சிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடுகிறது. தொட்டியில் வளர்த்து, தண்ணீர் ஊற்றி, அந்த வாரத்தில் பூக்க வைத்த செடிகள் அவை. தோட்டக்காரர்களின் உழைப்பு பெரிய உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் தாங்காமல் 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடையில் நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று சென்னை உயர் நீதிமன்றமே எண்ணிக்கை சொல்ல வேண்டியதாயிற்று. தேவை எல்லாம் ஒரே இரண்டு மாதத்தில் வந்து குவிந்தால் வேறு என்ன ஆகும்? மலை ஃபேக்டரியா, ஓவர்டைம் பார்க்க?

சரி, எதிர்க்கேள்விகளையும் பார்த்துவிடலாம்.

"வெள்ளியங்கிரிக்கு மாசியிலிருந்துதானே ஏறுகிறார்கள்? அவர்களுக்கு மட்டும் தீ வராதா?" நியாயமான கேள்வி. வெள்ளியங்கிரி ஏற அனுமதி கிடைப்பதே பிப்ரவரியிலிருந்து மே வரைதான். மற்ற மாதங்களில் மழையும் மேகமும் பாதையை அடைத்துவிடும். ஆனால் அது ஆயிரக்கணக்கானோர் ஏறி ஏறித் தேய்ந்த ஒரே பாதை. அடிவாரத்தில் வனத்துறைச் சோதனை, வழியெல்லாம் ஆட்கள். ஏதாவது என்றால் குரல் கொடுத்தால் யாராவது வருவார்கள். அப்படியும் ஏழு மலை ஏறி முடியாமல் உயிர்விட்டவர்களைப் பற்றிச் செய்தி வராத சீசன் அபூர்வம். அங்கே போகிறவர்கள் சாமி பார்க்கப் போகிறார்கள். அதை உதாரணமாக வைத்து, ஆளரவமே இல்லாத புல்மேட்டில் பூ பார்க்கப் போக முடியாது.

"செப்டம்பரில் போனால் மழை, அட்டை, வழுக்கல். அது மட்டும் ஆபத்து இல்லையா?" ஆபத்துதான். கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் யாரும் மலை ஏறக் கூடாது, மண்சரிவுக்கு நல்ல பையன் கெட்ட பையன் தெரியாது. ஆனால் மழைக்கு வானிலை அறிக்கை இருக்கிறது. ஒரு நாள் தள்ளிப்போடலாம். அட்டைக்கு உப்பு இருக்கிறது. நீளமான காலுறை இருக்கிறது. கீழ்ச் சரிவில் யாரோ அணைக்காமல் போட்ட பீடிக்கு எந்த அறிக்கையும் கிடையாது. காட்டுத்தீயில் பெரும்பாலானவை மனிதக் கையால் மூள்பவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறுகிற குழு எவ்வளவு கவனமாக இருந்தாலும், கீழே இருக்கும் ஒருவரின் அலட்சியம் போதும்.

"எங்களுக்கு லீவு கிடைப்பதே அப்போதுதானே?" இதுதான் உண்மையான காரணம். இன்டர்னல்ஸ் முடிந்து, செமஸ்டர் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு சின்ன இடைவெளி. ஆபீஸ் போகிறவர்களுக்கு மார்ச் கணக்கு முடிக்கும் முன் ஒரு மூச்சு. ஆனால் காலாண்டு விடுமுறை, பூஜை விடுமுறை, பொங்கல் விடுமுறை எல்லாம் எங்கே போயின? ஆயுதபூஜைக்குக் கிடைக்கும் நான்கு நாளில் சினிமாவும் தூக்கமும் போக, ஒன்றரை நாள் மலைக்குக் கொடுத்தால் போதும். புரட்டாசியில் மலை பச்சைப்பசேல் என்று இருக்கும். ஓடையில் தண்ணீர் ஓடும். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். தொல்காப்பியர் கணக்கில் அது முன்பனி, சரியான குறிஞ்சிக் காலம்!

இன்னொரு விஷயத்தையும் அரசாங்கம் யோசிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பாதைகளுக்கு வழிகாட்டியோடு போகும் கட்டணம், பாதையைப் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை போகிறது. அந்த வழிகாட்டிகள் உள்ளூர்க்காரர்கள், பழங்குடி இளைஞர்கள். பணம் அவர்களுக்குப் போவது சரி. ஆனால் வீட்டிலிருந்து மாதம் இரண்டாயிரம் வாங்கும் மாணவனுக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. அவன் என்ன செய்வான்? பஸ் டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு, யூடியூபில் பார்த்த ஏதோ ஒரு வழியில், யாருக்கும் சொல்லாமல் போவான். விலை அதிகமானால் வாங்குபவர் கள்ளச் சந்தைக்குப் போவார் என்பது முதல் வருடப் பாடம். மாணவர்களுக்கு மழைக்குப் பிந்தைய மாதங்களில், வார நாட்களில் பாதிக் கட்டணம் வைக்கலாம். கூட்டமும் பிரியும், வழிகாட்டிகளுக்கும் வேலை கிடைக்கும், அனுமதி இல்லாத வழிகளில் போவதும் குறையும்.

பூ பார்க்கப் போகும் கூட்டத்தை ஒழுங்குபடுத்த முடியாது என்று யாராவது சொன்னால் மகாராஷ்டிராவின் காஸ் பீடபூமியைக் காட்டலாம். அங்கே மழை முடிகிற செப்டம்பரில் தரையெல்லாம் பூ. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு, ஆன்லைன் டிக்கெட், சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்களே காவல். எதிர் உதாரணம் கலிஃபோர்னியாவின் வாக்கர் கேன்யன். 2019-ல் பாப்பி பார்க்க வந்த கூட்டத்தில் லேக் எல்சினோர் என்ற அந்தச் சின்ன ஊர் திணறிப்போனது. போட்டோவுக்காகப் பாதையை விட்டிறங்கிப் பூமேலேயே உட்கார்ந்தார்கள், படுத்தார்கள். 2023-ல் மறுபடி நல்ல மழை பெய்து பூ வந்தபோது நிர்வாகம் யோசிக்கவே இல்லை. பாதையையே இழுத்து மூடிவிட்டது. ஒழுங்காகப் போனவர்களுக்கும் சேர்த்துத்தான் மூடினார்கள்.

நமக்கு அந்தப் பரீட்சை 2030-ல் வரும். 2006, 2018-க்குப் பிறகு மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சியின் அடுத்த முறை அதுதான். குறிஞ்சி ஒருமுறை பூத்து, விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும் செடி. அந்த ஒரு பூப்பில் மிதிபட்டால் அதற்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. 2018-ல் ஆகஸ்ட் வெள்ளத்தால் கேரளமே நிலைகுலைந்ததில் கூட்டம் குறைந்தது. 2030-ல் அப்படி எதுவும் இல்லாவிட்டால், ஒவ்வொரு கையிலும் ஒரு கேமராவோடு எத்தனை பேர் ஏறப்போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்று கல்லூரியில் இருக்கும் எல்லாரும் அப்போது சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். வண்டியும் வாங்கியிருப்பார்கள்!

மலை எப்போது கூப்பிடுகிறதோ அப்போது போக, எப்போது 'வேண்டாம்' என்கிறதோ அப்போது சும்மா இருக்க, அதற்குள் பழகிக்கொள்ள வேண்டும். இரவிகுளத்தில் பிப்ரவரி, மார்ச்சில் வரையாடுகள் குட்டி போடுகின்றன என்று பூங்காவையே மூடிவிடுகிறார்கள். யாரும் செத்துப்போகவில்லை, ஏப்ரலில் போய்ப் பார்த்துக்கொள்கிறார்கள். அதே பொறுமைதான் இங்கேயும் கேட்பது.

இந்த மார்ச்சில் யாராவது ஹாஸ்டலில் பிளான் போட்டால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வாயை அடைக்காதீர்கள். "புரட்டாசியில் போகலாம், நான் வரேன்" என்று சொல்லித் தேதியையும் குறித்துவிடுங்கள். மாசிக்கும் பங்குனிக்கும் ரோட்டோரத்து இலவ மரம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் போதும்.